ஐந்து நிமிடம் பிடித்த கிளிப்

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். இரண்டு பவர்லூம் தறியில் தொடங்கி, பேங்க்காரன் கைவிரித்த பிறகும், திருத்தணி மலையடிவாரத்தில் மூன்று மாடி லாட்ஜ் கட்டினேன்.

அங்கே ஒருவர் தங்கினார். மொட்டைத் தலையில் சந்தனம், தடித்த கண்ணாடி. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடி அதை எழுப்பும் புரோகிராமை எழுதுகிறவர். சம்பளமில்லாமல் எழுதி, யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைப்பவர். ஒருநாள் அவர் அறைக்குப் போனேன்; அன்று எழுதியதில் ஏதோ பிழை. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. பழைய புரோகிராமை அதன் சிப்பில் மறுபடி ஏற்ற வேண்டும். கைவைக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஜன்னல் கம்பியைத் தொட்டார்.

"இன்னா சார், கம்பிக்குக் கும்பிடா?"

"உடம்புல இருக்கிற கரண்ட் சிப்பைக் கொன்னுடும், ஐயா. கம்பியைத் தொட்டா அது இறங்கிடும்."

சிப்பைக் கவ்வும் கிளிப் நழுவிக்கொண்டே இருந்தது. அவர் முகம் வெளிறியது. "சோதிக்க இந்தக் கம்ப்யூட்டர் ஒண்ணுதான் இருக்கு. போச்சுன்னா ஆறு மாச வேலை நின்னுடும்."

"தள்ளு சார், நான் புடிச்சிகினு இருக்கேன்."

கம்பியைத் தொட்டுவிட்டு, தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் பழகிய இந்த விரல்களால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன். கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சம் வந்தது. அவர் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"உதவினவங்க பேரெல்லாம் புரோகிராமோடவே எழுதி வைப்போம்" என்றார்.

காசு வாங்காமல் ஊருக்கு உழைக்கும் அந்த மனிதர் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இருக்கட்டும். சார், இதைப் படித்தால் அந்தப் பட்டியலில் என் பெயரையும் போடுங்கள். கிளிப்பைப் பிடித்தது நான்.