முழுதாகத் திருப்பிப் பார்க்காத ஸ்டீயரிங்

“ஏளா, பிரேக்கு உசுரு சமாச்சாரம். நீ செஞ்சத வேற ஆரும் பாத்தாகளா?” என்று லேத் பட்டறை அண்ணாச்சி கேட்டார்.

“நானே பாத்துட்டேன்” என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலாக இன்ஜினியரிங் படித்தவள் நான். வரைபடத்தை யாரிடம் காட்ட? பழைய காருக்குப் பெரிய டிஸ்க் பிரேக்கை நானே வடிவமைத்து, தனியாகவே மாட்டினேன்.

ஆறுமுகநேரி உப்பளச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். திரும்பி வர ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்ததும், பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் இழுபட்டு அறுந்தது. பெடல் தரையைத் தொட்டது. உப்புக் குவியலில் மோதித்தான் கார் நின்றது. சக்கரம் நேராக இருந்தபோது மட்டும் ஹோஸை அளந்திருக்கிறேன். போனை எடுத்தேன்; யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

நேற்று நீளமான ஹோஸ் மாட்டியதும், அம்மாவை ஸ்டீயரிங் முன் உட்கார வைத்துவிட்டுச் சக்கரத்தருகே குனிந்தேன்.

“ஏளா, இன்னும் திருப்பணுமா?”

“கடைசி வரைக்கும் திருப்பும்மா.”