தங்கராஜுவின் முதுகில் நாலு துணி

1943இல் மலாயாவை ஆண்ட ஜப்பானியர் தயாரித்த பட்டியலில் இப்படி எழுதியிருந்தது: ‘உலகப்பன். வயது 38. ரசாயன நிபுணர். திடகாத்திரமானவர். எதற்கும் அஞ்சாதவர்.’

வயது மட்டும் சரி. காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மருந்து கொடுத்துவந்த டிரஸர் ஓடிப்போன பிறகு மருந்தறையைப் பார்த்துக்கொண்டவர் அவர். அவர் அறிந்த ரசாயனம், புண் கழுவும் தண்ணீரை ரோஜா நிறமாக்குவது. புண்ணைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பதால், கழுவுவதை நோயாளியிடமே விட்டுவிடுவார்.

அந்த வருடம் ரப்பர் பாலை உறையவைக்கும் அமிலம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக எதையெதையோ ஊற்றினார்கள். ஆலையில் வேலை செய்த தங்கராஜுவுக்கும் இன்னும் இருவருக்கும் முழங்கைவரை கொப்புளம் கிளம்பி நீர் வடிந்தது. ஆலையைக் கவனித்த ஜப்பானிய அதிகாரிக்குத் தெரிந்த சில மலாய்ச் சொற்களில் ‘மாலாஸ்’ ஒன்று. சோம்பேறி என்று அர்த்தம். சோம்பேறிகளுக்கான இடம், போனவர்கள் திரும்பாத சயாம் ரயில்பாதை. ஐந்து நாளில் லாரி வரும்; அதற்குள் நிபுணர் கொப்புளத்துக்குக் காரணம் சொன்னால் அவர்கள் தப்பலாம்.

நிபுணர், ஆலையில் ஊற்றிய மூன்று திரவங்களிலும் துணி நனைத்துத் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். இரண்டு நாளானது. கை முன்னைவிட நன்றாக இருந்தது.

“மாலாஸ்!” என்றார் அதிகாரி, வெற்றியோடு.

“அலமாக்! நல்ல சோதனை ஐயா,” என்றார் தங்கராஜு. “அரிக்கிறது எனக்கு, துணி கட்டுறது உங்களுக்கா? எம் முதுகு சும்மாதானே கெடக்கு?”

“வேற எதைத் தொடுறப்பா நீ?” என்று கேட்டார் உலகப்பன்.

“பால் உறையிற தொட்டியோட தடுப்புப் பலகை லா. தகட்டையெல்லாம் பட்டாளத்துக்குப் புடுங்கிட்டு, ரெங்காஸ் மரத்துல அறுத்துப் போட்டாங்களே. போடச் சொன்னது யாரு? அந்த அதிகாரியேதான்!”

உலகப்பன் முதலில் கதவைச் சாத்தினார். பிறகு மூன்று திரவத் துணிகளோடு, பலகையைச் சீவிய தூளை நாலாவது துணியில் வைத்து, தங்கராஜுவின் முதுகில் ஒட்டினார்.

ஐந்தாம் நாள் காலை பிரித்தபோது மூன்று இடத்தில் ஒன்றும் இல்லை. நாலாவது இடத்தில் கொப்புளம். உலகப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மயங்காதீங்க ஐயா, லாரி வந்துருச்சு!”

குற்றவாளி அதிகாரியின் பலகை. அதைச் சொன்னால் லாரியில் நாலாவது ஆளாக ஏற்றப்படலாம். உலகப்பன் எழுந்து, தங்கராஜுவின் முதுகை அதிகாரி பக்கம் திருப்பி, விரலால் முதலில் கொப்புளத்தையும் பிறகு பலகையையும் காட்டினார்.

அதிகாரி குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் ஊரில் மரக்கிண்ணங்களுக்குப் பூசும் மரப்பாலும் இப்படித்தான் கையைக் கொப்புளிக்க வைக்கும் என்றார். மாலைக்குள் பலகைகளைக் கழற்றினார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தவர் என்று அறிக்கையில் அதிகாரி தன் பெயரையே எழுதிக்கொண்டார். லாரி அந்த மூவரும் இல்லாமல் புறப்பட்டது.

உலகப்பன் செய்தது இது: தொழிலாளி தொட்ட ஒவ்வொன்றையும் தனித்தனியே அந்தத் தொழிலாளியின் தோலிலேயே வைத்துப் பார்த்து, அரித்தது எது என்று அதிகாரியிடம் காட்டினார்.