பிர்கா என்றால் மண்ணா, மனிதரா?

"காணும் பொங்கல், 1968. மணிமுத்தாற்று மணலில் சடுகுடு. ஆட்டம் தொடங்கத் தாமதம். காரணம்: ஒரு சொல்."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. கடைசிச் சொல்லை எழுதும்போது பேனா முள் காகிதத்தையே கிழித்திருக்கிறது. அத்தனை வேகத்தில் எழுதியிருக்கிறேன்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். புத்தகம் படிக்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்ததால், பொங்கல் போட்டியில் புள்ளி குறிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஆட்டம் எங்கள் டவுன் பிர்காவுக்கும் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துப் பிர்காவுக்கும். ஒரு தாலுகாவில் பல கிராமங்களைச் சேர்த்து ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் பொறுப்பில் விடுவார்களே, அந்தப் பிரிவுக்குத்தான் பிர்கா என்று பெயர். அந்தந்தப் பிர்காவைச் சேர்ந்தவர்கள் மட்டுமே அந்தந்த அணியில் ஆடலாம் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தோம். அச்சடித்தபோது எங்கள் சூளைக்காரனை யாரும் நினைக்கவில்லை.

அவன் எங்கள் கம்பெனிச் சூளையில் சரக்கு அடுக்குகிறவன். இன்னும் சுடாத பச்சை ஜாடிகளை நெஞ்சோடு அணைத்து, ஒன்றையும் இடிக்காமல், குறுகிய சூளை வாசலுக்குள் வளைந்து நுழைவான். சடுகுடுவிலும் அதே உடம்பு, அதே வளைவு. ஆனால் அவன் பிறந்தது கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம். எதிரணியின் தூணாக நின்றவர் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன். சின்ன வயதிலிருந்து ஒருமுறைகூட அண்ணனை அவன் ஜெயித்ததில்லை. ஊர் அணியிலேயே ஆடிவந்ததால் எதிரில் நிற்கவும் வாய்ப்பு இல்லை. இந்த வருஷம் எங்கள் பக்கம் ஆடினால்தான் அது நடக்கும். ஒரு வாரமாகச் சூளையில் அவனுக்கு வேறு பேச்சே கிடையாது.

கோடு போட்டு முடித்ததும் அண்ணன் நடுவில் வந்து நின்றார்.

"இவன் எங்க பிர்கா. பொறந்த எடம் அங்க இருக்குது. உங்க பக்கம் எப்படி ஆடுவான்?"

"மூணு வேளையும் இங்கதான சோறு திங்கிறான்!" என்றது எங்கள் கூட்டம்.

"சோறு எங்க வேணா திம்பான். பேரு எங்க ஊருல இருக்குது."

போட்டிக் கமிட்டியின் தலைவர் ரைஸ் மில் வைத்திருந்தவர். முடிவு சொல்லப் பயந்து என்னைப் பார்த்தார். "சார், பிர்கான்னா என்னா சார்? பொறந்த எடமா, இருக்கிற எடமா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சொல்லின் பொருளுக்காக நூறு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்! 'பிரி' என்ற நம் தமிழ் வினையிலிருந்துதான் பிர்கா வந்தது என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. "அகராதி பார்த்துட்டு வந்துடுறேன்" என்று சைக்கிளில் ஏறினேன்.

வீட்டில் என் மனைவி கேட்டாள்: "சடுகுடு நீங்களா ஆடுறீங்க? இப்படி மூச்சு வாங்குது?"

பழைய அகராதியைப் புரட்டினேன். கண்டுபிடித்ததும் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தேன். பிர்கா தமிழே இல்லை. அரபிச் சொல். வேருக்குப் பொருள் பிரிப்பது, வேறாக்குவது. அதில் கிளைத்த சொல், பிரிந்து தனியே நிற்கும் மனிதர்களின் கூட்டத்தைக் குறித்தது. ஒரு கட்சி, ஒரு குழு, ஒரு படைப்பிரிவு. நிலம், கிராமம், வரி எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட பொருள்கள். பக்கத்திலேயே தாலுகாவையும் பார்த்தேன். அதுவும் அரபிதான். அதன் வேருக்குத் தொடர்பு, பற்று என்று பொருள். ஒரு சொல் பிரிக்கிறது, இன்னொன்று சேர்க்கிறது. பிரிக்கிற சொல் சேர்க்கிற சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது! அகராதியைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் பறந்தேன்.

மணலில் நின்று உரக்கப் படித்தேன். "ஆகவே பிர்கா என்பது ஆதியில் மண்ணைக் குறிக்கவில்லை. மனிதர்களைக் குறித்தது. ஒன்றாக நிற்கிற கூட்டம்!"

எங்கள் பக்கம் விசில் பறந்தது. அண்ணன் அசையவில்லை.

"கூட்டமா? அப்ப ஒரு தாய் வயித்துல பொறந்தவங்க ஒரு கூட்டம் இல்லியா சார்? உங்க பொஸ்தகமே என் தம்பிய என் பக்கம் தள்ளுதே!"

இப்போது அந்தப் பக்கம் விசில். விடக்கூடாது என்று தாலுகாவின் வேரைப் பிடித்தேன். "தாலுகா என்பது..."

"தாலுகாவ அடுத்த பொங்கலுக்கு வச்சிக்கலாம் சார், பொழுது சாயுது" என்றார் மில்காரர்.

அப்போதுதான் சூளைக்காரன் முன்னால் வந்தான். "கூட்டம்னு சார் சொல்லிட்டாரு. எந்தக் கூட்டம்னு நான்தான சொல்லணும்? வூட்டுல நான் உன் கூட்டம்ணே. கோட்டுல சூளைக் கூட்டம்."

"எதுக்குடா?"

"ஒன்ன ஒரு தடவ ஜெயிக்கிறதுக்கு."

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "வாடா பீங்கானு. தொட்டா ஒடஞ்சிடுவ."

"நீ மல்லாட்ட புடுங்குற கையத் தயாரா வச்சிக்க." அண்ணனுக்கு ஊரில் வேர்க்கடலைச் சாகுபடி.

மில்காரர் அதையே தீர்ப்பாக அறிவித்தார். ஆட்டம் தொடங்கியது. அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. புள்ளி சமமாகவே ஏறியது. பென்சிலை எங்கோ மணலில் விட்டுவிட்டு விரலால் மணலில் குறித்தேன். கடைசி முறை எதிரணிப் பக்கம் பாடிக்கொண்டு அவன் போனான். "சடுகுடு சடுகுடு" என்று அந்தக் கூட்டத்துக்குள் சூளைக்குள் நுழைவதுபோல் வளைந்து நுழைந்து அண்ணனின் தோளைத் தொட்டான். திரும்பிப் பாய்ந்தவனின் காலை அண்ணன் பிடித்தார். அவன் மணலில் நீந்தினான். கோட்டுக்கும் விரலுக்கும் ஒரு சாண்கூட இல்லை. மூச்சும் இருந்தது.

அண்ணன் எட்டி அவன் விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டினார்.

சடுகுடு சிரிப்பாக உடைந்தது. மூச்சு போயிற்று. ஆட்டமும் போயிற்று. "அவனுக்கு அங்கதான் கூசும்னு எங்க அம்மாவுக்கும் எனக்குந்தான் தெரியும்!" என்று அண்ணன் கூவினார். ரெண்டு அணியும் மணலில் விழுந்து புரண்டு சிரித்தது. அவன் மட்டும் எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, "இது செல்லாது" என்றான். அடுத்த வருஷம் அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. பிறகு அவர் ஆடவே இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் ஸ்ரீமுஷ்ணம் போகும் பஸ்ஸில் அந்தப் பக்கத்து மாஜி கர்ணம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிராமக் கணக்குப் பார்த்தவர். பேச்சு பிர்காவில் வந்து நின்றது. என்னிடம் வேறு எதில் வந்து நிற்கும்? அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அந்த அண்ணன் தம்பி வூடா? அது ஊர விட்டுத் தள்ளி, மானாவாரிக் கொல்லைக்குள்ள இல்ல இருக்குது. அந்தக் கொல்லை அப்போ டவுன் பிர்காக் கணக்குல இருந்ததா எனக்கு ஞாபகம். பின்னாடிதான் மாத்துனாங்க."

நான் சீட்டிலிருந்து எழுந்தே விட்டேன். அப்படியானால் அண்ணன்தான் தப்பான அணியில் ஆடியிருக்கிறார்! நோட்டீஸ் விதிப்படி எதிரணியின் தூணே செல்லாது. வழியிலேயே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து, நேராகச் சூளைக்கு ஓடினேன். அவன் கையில் இருந்த ஜாடியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"நெஜமா சார்? அப்ப நான் ஜெயிச்சிட்டனா?"

அன்று மாலையே அண்ணனிடம் சொல்லியிருக்கிறான். அவர் சொன்ன பதில்: "காயிதத்தக் காட்டச் சொல்லு ஒங்க சார."

காகிதம் என்னிடம் இல்லை. கர்ணம் சொன்னது ஞாபகத்திலிருந்து சொன்னது. அதே பஸ்ஸில் இன்னொரு கிராமத்தின் பிர்காவை அவர் மாற்றிச் சொன்னதும் எனக்குத் தெரியும். அந்த வீடு 1968 தை மாதத்தில் எந்தப் பிர்காவில் இருந்தது என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.