அண்ணை கேட்ட ஒரு குளிர்காலம்

எங்கள் அண்ணை மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும்படி அம்மா அவருடைய தங்கையான என்னிடம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பட்டமும் பெற்ற முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. இதைக் கையில் எடுக்கும் உறவினர்களில் பலர் அண்ணை உயிரோடு இருந்தபோது அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

அண்ணை வடமராட்சியில் வீடு கட்டும் ஒரு மேசனின் மூத்த மகனாகப் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு அப்பா அவரை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் வேலை ஓடு பிடிப்பது. கூரைக்கு ஓடு ஏற்றும்போது நிலத்தில் நிற்பவர் எறிவார். சாரத்தில் நிற்பவர் அதைப் பிடித்து, கூரையில் இருப்பவருக்கு எறிவார். ஒன்று தவறினால் ஓடும் போகும், கீழே நிற்பவரின் மண்டையும் போகும். அப்பா கீழே நிற்க, அண்ணை சாரத்தில் நின்று பிடித்தார். ஒரு நாளும் தவறவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் லண்டன் வந்தார். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்ற கதை எல்லோரிடமும் இருக்கிறது. அதற்கு இங்கே இடம் ஒதுக்கவில்லை. மற்றவர்கள் கடையும் பெற்றோல் நிலையமும் தேடியபோது அண்ணை கூரை வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில் அம்மாவையும் என்னையும் அழைத்து, என்னைக் கல்லூரிக்கும் அனுப்பினார். நோர்பரியில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு மாமா, "லண்டனுக்கு வந்தும் கூரையில ஏறி நிக்கிறான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு தன் வீட்டுக் கூரை ஒழுகியபோது அதே மாமா யாரைக் கூப்பிட்டார் என்பதை அவரே சொல்லட்டும்.

அண்ணையோடு வேலை செய்த டெரி என்ற வெள்ளைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்து விளையாடினார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து ஆசைப்பட்ட ஆங்கிலேயர்கள் நாடெங்கும் அணிகளைத் தொடங்கியிருந்த காலம் அது. தலைக்கவசமும் தோளில் பலகை போன்ற காப்பும் மாட்டிக்கொண்டு, இரு பக்கமும் கூரான பந்தை வைத்து ஆடுவார்கள். ஒருவர் எறிவார், நாலைந்து பேர் முன்னே ஓடிப்போக, அவர்களில் ஒருவர் பிடிக்க வேண்டும். பிடித்தால் அணி முன்னேறும். கீழே விட்டால் அந்த எறி வீண். இவ்வளவுதான் விஷயம். டெரியின் அணியில் இந்தப் பிடிக்கும் வேலைக்கு ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் பிடிக்கத் தெரியாது.

அண்ணை அந்த அணிக்குத் தண்ணீர் கொடுக்கவும் துவாய் நீட்டவும் போனார். டெரி கூப்பிட்டதற்காகப் போனவர், ஒரு கோடைகாலம் முழுவதும் பந்து நிலத்தில் விழுவதைப் பார்த்தார். அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் சொன்னார்கள்: காற்று, வெயில், பந்து புதிது, பந்து பழையது. பிடிப்பவர்களில் கிளைவ் என்ற ஒருவர் தலைமயிரை வாரிக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவார். அவருடைய நெஞ்சில் பட்டு விழுந்த பந்துகளை எண்ணுவதை, அண்ணையோடு பார்க்கப் போன நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

பருவம் முடிந்ததும் ஒரு பப்பின் மாடியில் கூட்டம் போட்டார்கள். அடுத்த கோடைக்குள் பிடிப்பவர்களைத் திருத்தாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவது என்று பேச்சு. அணிக் குழுவின் தலைவருக்கு இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, அமெரிக்காவிலிருந்து ஓர் ஆளை இறக்குவது. மற்றது, எல்லோருக்கும் புதிய கையுறை வாங்குவது. இருபது வயது கடந்த ஆண்கள், கை சரியில்லை என்பதற்கு உறை தேடினார்கள்.

தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அண்ணை கேட்டது ஒன்றே. அந்த ஐந்து பேரையும் ஒரு குளிர்காலம் தன்னிடம் விட வேண்டும். தலைவர் சிரித்துவிட்டு, திட்டத்தை எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் சமையலறை மேசையில் அண்ணை திட்டத்தைச் சொன்னார்; அதை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. முதல் மாதம் யாரும் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் ஓடு பிடிக்க வேண்டும். கையில் சத்தம் கேட்டால் அது பிழை. வருகிற ஓட்டோடு கை சற்றுப் பின்னே போக வேண்டும். கையில் அடங்கும்வரை கண் வேறெங்கும் போகக் கூடாது. ஈரக் கையோடும், களைத்த பிறகும் பிடிக்க வேண்டும். ஓடுவது அதற்குப் பிறகு. அதுவும் எத்தனை அடி என்று எண்ணி, அதே இடத்தில் திரும்ப வேண்டும்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் கூலி வேலைக் கதையா என்று நினைத்தேன். நூலகத்தில் விளையாட்டுப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, அதிலிருந்த நல்ல வசனங்களைப் போட்டு, எடை தூக்குவது, வேக ஓட்டம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஓடு ஓரிடத்திலும் இல்லை. படித்தவள் செய்த வேலை அது.

அடுத்த கூட்டத்துக்கு நானும் போனேன். தலைவர் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, இது எந்தப் புத்தகத்திலும் இருப்பதுதானே, இதற்கு உங்கள் அண்ணன் எதற்கு என்று என்னிடம் கேட்டார். அவர் சொன்னதை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

"ஓடு எங்க பிள்ளை?"

"எழுதேல்லை, அண்ணை."

"ஏன்?"

நான் தலைவரிடமிருந்து தாள்களை வாங்கி மடித்தேன். அண்ணை எழும்பினார். "சரி, இரு. வாறன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, டெரியின் வான் வண்டியிலிருந்து ஏழு ஓடுகளோடு திரும்பி வந்தார்.

முதல் ஓட்டைக் கிளைவுக்கு மெதுவாக எறிந்தார். கிளைவ் அதை நெஞ்சோடு அணைக்கப் பார்த்தார். அது வழுக்கி விழுந்து பப்பின் மாடியில் மூன்று துண்டானது. பிறகு அண்ணை அறையின் மறுமூலையில் நிற்க, டெரி மிச்சம் ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாக எறிந்தார். ஆறும் சத்தமில்லாமல் அண்ணையின் கைக்கு வந்து, காலடியில் அடுக்காக நின்றன. அமெரிக்கனைக் கூப்பிட வழியும் இல்லாததால், குளிர்காலத்தை அண்ணைக்குக் கொடுத்தார்கள். மதித்துக் கொடுத்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அண்ணையின் முதலாளி ஓடு அடுக்கி வைக்கும் யார்டில் பயிற்சி. இரண்டு பேர் முதல் வாரமே, தாங்கள் கட்டட வேலைக்கு வரவில்லை என்று போய்விட்டார்கள். அவர்கள் போனது அணிக்கு அந்த ஆண்டு கிடைத்த முதல் நன்மை. கிளைவும் மற்ற இருவரும் நின்றார்கள். ஒரு மாதம் போனதும் அண்ணை, எறிபவரும் வர வேண்டும் என்றார். எறிபவர் தன்னை ஓர் அரசராக நினைத்துக்கொண்டிருந்தவர். பிடிக்கத் தெரியாததுகளுக்காகத் தான் ஏன் குளிரில் நிற்க வேண்டும் என்று கேட்டார்.

"மேல நிக்கிறவன்ர கைக்கு ஓடு போய்ச் சேர வேணும். அவன்ர பல்லுக்கில்லை. பாதிப் பிழை இவரில எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அண்ணை.

ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அரசர் அடுத்த சனிக்கிழமை வந்தார். தை மாதத்தில் ஓட்டை விட்டுப் பந்துக்கு மாறினார்கள். பனித்தூறலில் வாளித் தண்ணீரில் கையை நனைத்துவிட்டுப் பிடித்தார்கள். மாசியில் அடி எண்ணி ஓடினார்கள். கிளைவ் தலை வாருவதை மறந்திருந்தார்.

கோடையின் முதல் ஆட்டத்தில் கிளைவ் இரண்டு பேருக்கு நடுவில் எழும்பி, விரல் நுனிகளால் பந்தை வாங்கி, அதோடு விழுந்தார். பந்து கையிலேயே இருந்தது. அந்த ஆட்டத்தை வென்றார்கள். அதற்குப் பிறகும் தோற்றார்கள், ஆனால் பந்தைக் கீழே போட்டுத் தோற்கவில்லை. அணி கலையவில்லை.

ஆண்டு முடிவில் விருந்து வைத்தார்கள். தலைவர் எழுந்து, இந்த மாற்றத்துக்கெல்லாம் காரணம் குழு எடுத்த நல்ல முடிவு, புதிய கையுறைகள் என்று பேசினார். கை தட்டினார்கள். கடைசி மேசையில் இருந்த அண்ணையும் தட்டினார். நான் எழும்பிப் பேசப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இருத்தினார்.

"விடு பிள்ளை. இப்ப பிடிக்கிறாங்கள்தானே."

என்னால் விட முடியவில்லை, இன்றுவரை. அண்ணையால் முடிந்தது. கூரைக்கு ஏற வேண்டாம் என்று வைத்தியர் சொல்லும்வரை ஒவ்வொரு குளிர்காலமும் அந்த யார்டுக்குப் போனார். இருதய நோயோடு ஒன்றரை வருடம் இருந்தார். ஒரு நாளும் யாரையும் நோகவில்லை. அவருக்கும் சேர்த்து நான் நோகிறேன்.

நன்றி சொல்ல வேண்டும். அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன டெரிக்கும், இரவு பகலாக அம்மாவோடு இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் நன்றி. செத்தவீட்டுக்கு வந்து, எவ்வளவு பெரிய மனிதர் என்று அப்போதுதான் கண்டுபிடித்த உறவினர்களுக்கும் நன்றி. சாப்பாடு போதுமானதாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அணிக் குழுவினர் ஓர் அட்டை அனுப்பினார்கள். அதில் அண்ணையைத் தண்ணீர் கொடுத்த உதவியாளர் என்று எழுதியிருந்தார்கள்.

கடைசி நன்றி கிளைவுக்கு. முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த பிறகு வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் அந்த அணியின் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அண்ணையின் திட்டம் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இருந்தது நான் எழுதிய அந்த இரண்டு பக்கப் பொய்தான். அதைக் காட்டவில்லை. அவரை இருக்கச் சொல்லிவிட்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அண்ணை அன்று சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதினேன். ஓட்டில் தொடங்கினேன். வசனம் எதையும் அழகாக்கவில்லை. கீழே பயிற்சியாளர் என்று போட்டு, அண்ணையின் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.