ஜேன் தேர்ந்தெடுத்த வலை

என் மனைவி ஜேன் வலை வாங்கிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பெண் பார்க்கப் போன அன்றே எனக்குத் தலையாட்டியவள் இவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மைசூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். நான் அதே ஊரில் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நஞ்சன்கூடு பக்கம் மல்லம்மாவின் குளத்துக்குப் பஸ் ஏறிவிடுவோம். பெரிய பெரிய கட்லா மீன்கள் வளர்கிற குளம். தூண்டிலில் பிடித்ததை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், திரும்பத் தண்ணீரிலேயே விட்டும் விடலாம். ஜேன் விட்டுவிடுவாள். மீன் குழம்புக்கு உயிரை விடுகிற எனக்கு இப்படி ஒரு மனைவி!

வார்டில் ஏதாவது குழந்தை தங்காமல் போனால் வீட்டில் அவள் வாயே திறக்க மாட்டாள். படுத்தாலும் கண் மூடாது. குளத்துக்குப் போய் வந்தால்தான் தூங்குவாள். அதனால் நானும் குழம்பை மறந்துவிட்டுப் பையைத் தூக்குவேன்.

போன மாதம் அவள் விட்ட கட்லா ஒன்று சாயங்காலம் வயிறு மேலாக மிதந்தது. தூண்டிலில் மாட்டியதை ஏந்தி எடுக்கிற எங்கள் பழைய நைலான் கைவலையின் முடிச்சுகள் உரசிச் செதில்கள் உதிர்ந்திருந்தன. மல்லம்மா அதை ஒரு பையில் போட்டு எங்களிடமே கொடுத்துவிட்டாள்.

"இன்னொண்ணு செத்துச்சுன்னா தூண்டிலைத் தொடவே மாட்டேன்" என்றாள் ஜேன்.

அன்றிலிருந்து தூக்கமும் போயிற்று. எனக்குப் பயமாகவே இருந்தது.

புது வலை வாங்கப் போனோம். "இது தகோளி மேடம், இதை எடுத்துக்குங்க, எவ்வளவு பெரிய மீனும் தாங்கும்" என்று கடைக்காரர் கவின்ராஜ் ஒன்றை நீட்டினார். அவள் காதில் வாங்கவே இல்லை. மணிக்கட்டின் உள்பக்கத்தில் வலையை மெதுவாக இழுத்துப் பார்த்தாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீரின் சூட்டைப் பார்க்கிற இடம் அது. ஒவ்வொரு வலைக்கும் அதே பரீட்சை. பிறகு கவின்ராஜிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, வலையை நனைத்து மறுபடியும் இழுத்தாள்.

"நனைக்கிறது எதுக்கு?" என்றேன்.

"மீன் மேல வழவழன்னு இருக்கே, அதுதாங்க அதுக்குக் காப்பு. காஞ்ச வலை அதை வழிச்சு எடுத்துடும்."

"அப்போ ஆழமான வலையா எடு. துள்ளி வெளியே போகாது."

"உள்ள போய் மடங்கிக்கும். முதுகு வளையக் கூடாது."

எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. சட்டைக் கையை மடித்துவிட்டு நானும் உரச ஆரம்பித்தேன். கடைசியில் வாய் அகன்று, அடி தட்டையாக, கண் சின்னதாக இருந்த ஒரு ரப்பர் வலை எங்கள் இரண்டு பேர் மணிக்கட்டிலும் பாஸாயிற்று. கவின்ராஜ் பெருமூச்சு விட்டார்.

அடுத்த ஞாயிறு பெரிய கட்லா ஒன்று மாட்டியது. தூண்டில் வில்லாக வளைந்தது. நான் வலையோடு பாய்ந்தேன்.

"நனைச்சீங்களா?"

நனைக்கவில்லை. அவசரமாக முக்கினேன். மீன் கிட்டே வந்ததும் துரத்திப் பிடிக்கக் கை பரபரத்தது.

"வலையை அசைக்காதீங்க. அதுவா வரட்டும். நாம ஏந்திக்கிட்டா போதும்."

ஏந்திக்கொண்டு நின்றேன். மீன் தானாக உள்ளே வந்தது. தண்ணீரை விட்டு எடுக்காமலே ஜேன் முள்ளைக் கழற்றினாள். ஆனால் மீன் நகரவில்லை. கரையில் மல்லம்மா பையோடு தயாராக நின்றாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. 'போயேன், போய்த் தொலையேன்' என்று மீனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன், குழம்புக்கு அலைகிற நான்.

மீன் வாலை ஒரு அடி அடித்தது. என் பூசைச் சட்டையெல்லாம் சேறு. மீன் போய்விட்டது.

ஜேன் வலையை வெயிலில் விரித்துப் பார்த்தாள். ஒரு செதில்கூட ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் கிளம்பவில்லை. பொழுது சாயும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் மிதக்கவில்லை. மல்லம்மா பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

திரும்பும்போது, பஸ் நஞ்சன்கூட்டைத் தாண்டுவதற்குள் ஜேன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சேற்றுச் சட்டை காய்ந்து அரித்தது. மைசூர் பஸ் ஸ்டாண்டு வரும்வரை நான் தோளை அசைக்கவே இல்லை.