மலிவு விளக்கின் மேல் விழுந்த பழி

விழுப்புரத்தில் என் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் இரண்டு மீன்கள், கொஞ்சம் பவளங்கள். பவளம் என்றதும் மோதிரத்துக் கல்லை நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், இது உயிருள்ள பிராணி. பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரியும். அதற்குச் சாப்பாடு பெரும்பாலும் வெளிச்சம்தான். அதனால் தொட்டி வைத்திருக்கிற எங்களுக்குள் ஓயாமல் நடக்கும் சண்டையும் வெளிச்சத்தைப் பற்றித்தான். பேர்பெற்ற கம்பெனி விளக்கா, ஆன்லைனில் வரும் ஊர்பேர் தெரியாத விளக்கா?

'எங்களுக்குள்' என்றால் இரண்டே பேர். நானும், திண்டிவனத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் என் பள்ளித் தோழனும். என் அலுவலகமும் திண்டிவனத்தில்தான். தினமும் ரயிலில் போய்வருகிறேன். அவன் கம்பெனி விளக்குக் கட்சி. நான் மலிவுக் கட்சி. அவன் வாங்கிய விளக்கின் விலைக்கு என் தொட்டியையே இரண்டு முறை வாங்கலாம். என் விளக்கு வந்த அட்டைப்பெட்டியில் பவளத்துக்கான ஆங்கிலச் சொல்லே எழுத்துப்பிழையோடு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன், "இன்னாடா, பிரியாணி போடறேன்னு கூட்டினு வந்து கஞ்சி ஊத்தற?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. கஞ்சன் என்று வீட்டில் சொன்னால் பரவாயில்லை, வெளியாள் சொன்னால் பொறுக்காது.

ஆனாலும் அவன்தான் தன் தொட்டியில் எட்டு வருடமாக வளர்த்த பச்சைப் பவளத்திலிருந்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான். என் மலிவு விளக்கின் கீழ் அது உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்தது. நான் அடித்த பெருமைக்கு அளவே இல்லை.

போன வருடம் கார்த்திகை மழையில் அவன் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஸ்டுடியோவும் அதிலிருந்த தொட்டியும் மாடியில் இருந்ததால் நனையவில்லை. ஆனால் கரண்ட் வர நான்கு நாள் ஆயிற்று. மோட்டார் ஓடாத தொட்டியில் எது பிழைக்கும்? எல்லாம் போயிற்று. அவன் ஒன்றும் புலம்பவில்லை. தொட்டியைக் கழுவித் துடைத்து, அதற்குள் பழைய ஆல்பங்களை அடுக்கிவிட்டான். அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "நான் குடுத்தது நல்லா இருக்குதா?" ஒரே ஒருமுறை மட்டும், "மனசு வந்தா மறுபடி ஆரம்பிப்பேன். அப்ப உன்கிட்ட ஒரு துண்டு வாங்கிக்கிறேன்" என்றான். அவன் எட்டு வருட வளர்ப்பில் உலகத்தில் மிச்சம் இருந்தது என் தொட்டியில் இருந்த அந்த ஒன்றுதான்.

இந்த வருடம் ஆயுதபூஜை முடிந்து பத்து நாளில் அது சுருங்க ஆரம்பித்தது. பச்சை வெளுத்தது. விரியாமல், வெளிச்சத்தைத் தேடுவதுபோல மேலே மேலே எக்கியது. தண்ணீரைச் சோதித்தேன், குறை இல்லை. விளக்குதான் மங்கியிருந்தது. மலிவு தன் புத்தியைக் காட்டிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

கம்பெனி விளக்கு சென்னையிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை பவளம் தாங்காது. அவனுடைய விளக்கோ சும்மா பரணில் கிடக்கிறது. கேட்டால் தருவான். ஆனால் கேட்பதென்றால், நீ கொடுத்தது சாகிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. நடுவில் ஒருநாள் போனில் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "சூப்பரா இருக்குதுடா" என்றேன். போனை வைத்ததும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை விளக்கைக் கழற்றினேன். இருந்த கோபத்தில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். அவனிடம் வெளிச்சம் அளக்கும் மீட்டர் இருக்கிறது, அதைச் சாக்காக வைத்துப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்பது திட்டம். ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் திட்டமெல்லாம் மறந்துபோய், "நீ குடுத்தது போய்க்கினே இருக்குதுடா. நேத்து பொய் சொன்னேன்" என்று கொட்டிவிட்டேன்.

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, துணி சுற்றிய கம்பெனி விளக்கை இறக்கி என் முன்னால் வைத்தான். "எடுத்துக்கினு போ. ஜல்தி மாட்டு." அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு, கொண்டுவந்தாயே பார்ப்போம் என்று என் விளக்கைத் துண்டிலிருந்து எடுத்து மல்லாத்தினான். அப்படியே நின்றான். அதன் அடியில் இருந்த பன்னிரண்டு லென்ஸ்களிலும், ஒன்று விடாமல், சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். பல்பின் சூட்டில் காய்ந்து ஓடாக இறுகியிருந்தது.

ஆயுதபூஜையன்று தொட்டி மோட்டாரில் பொட்டைப் பார்த்தேன், கண்ணாடியில் பார்த்தேன். கவிழ்ந்து தொங்கும் விளக்கை யார் குனிந்து பார்த்தார்கள்? நான் பைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி அதைக் கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, அவளே மாட்டியும் விட்டிருக்கிறாள். போன் போட்டுக் கேட்டேன். ஸ்பீக்கரில் அவள் குரல் கணீரென்று வந்தது. "ஆமாங்க. வெளக்குக்கு மொகம் அதானே? பொட்ட முதுகுலயா வைப்பாங்க?"

அவன் சிரித்தான். தண்ணீர் வந்துபோன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஈரத்துணியால் பன்னிரண்டையும் தேய்த்துத் துடைத்தோம். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி அடிக்குதுடா உன் கஞ்சி" என்றான். நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. இருந்தாலும் கம்பெனி விளக்கை மறுபடியும் என் பக்கம் நகர்த்தினான்.

"வாணாம். உன் தொட்டிக்கு வேணும்" என்றேன். அவன் விளக்கை எடுத்து ஓரமாக வைத்தான்.

ஐந்தாம் நாள் பவளம் பாதி விரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. தப்பாகப் பேசிவிட்டோமோ என்று அன்று முழுக்கக் குழம்பினேன்.

ஞாயிறு காலை போன் வந்தது. காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. எங்கே இருக்கிறாய் என்றேன். பொம்மையார்பாளையம் என்றான். தொட்டிக்குக் கடல்தண்ணீர் பிடிக்க நாங்கள் போகிற இடம் அது.

"முழுசா ரொப்பணும்னா எத்தினி கேன்டா? எனக்கு மறந்தே பூட்சி."

நான் பவளத்தைத் திரும்பிப் பார்த்தேன். பத்து என்றேன்.