வேலுத்தாய்க்குத் தெரியாத வாடை

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களுக்கு மூக்கு பேருக்குத்தான் இருக்கிறது. வேலுத்தாய் பதினாறு வருஷமாக ஏலக்காய்க் கிட்டங்கியில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள். பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பாயசம் மணக்கிறதே என்பார்கள். அந்த நெடியிலேயே கிடந்து அவளுக்கு ஒரு மணமும் தெரியாது. குழம்பு அடிப்பிடித்தால்கூட ஜீப்பு ஓட்டிவிட்டு வரும் புருஷன் யோகராஜ்தான் சொல்ல வேண்டும். தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

முதல் பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், உயிரில்லை. இரண்டாவது வயிற்றில் இருக்கும்போதே, நஞ்சுக்கொடி பழைய தையல் தழும்பில் வேர்விட்டு ஒட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்துவிட்டது. பிய்த்தெடுத்தால் ரத்தம் நிற்காது, கர்ப்பப்பையோடு எடுப்பதுதான் வழக்கம் என்றார் டாக்டரம்மா. அதை எடுக்க வேண்டாம் என்று வேலுத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கடைசியில் பிள்ளையை மட்டும் எடுத்து, நஞ்சுக்கொடியை உள்ளேயே விட்டுத் தைத்தார்கள். ஏழு மாசத்துப் பிள்ளை மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. இனி அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் கர்ப்பப்பை ஒன்றுதான்.

உள்ளே விட்டது தானாகச் சுருங்க மாசக்கணக்கில் ஆகும், காய்ச்சலோ ரத்தப்போக்கோ கெட்ட வாடையோ வந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். வேலுத்தாய் ஒரு பரிசோதனையையும் தவறவிடவில்லை. தினமும் காலையில் தீட்டுத்துணியை மோந்து பார்ப்பாள். ஒன்றுமில்லை என்று நிம்மதியாக, வீட்டுக்கே வாங்கிவந்த ஏலக்காய் மூட்டையைப் பிரிப்பாள். உடம்பு கொஞ்சம் கதகதத்தது. உட்கார்ந்தே பொறுக்குகிற அசதி என்று விட்டுவிட்டாள். யோகராஜ் அந்த வாரம் முழுக்கக் குரங்கணிக்கு மேலே லோடு ஏற்றப் போயிருந்தான்.

பொட்டிபுரத்திலிருந்து பார்க்க வந்த நாத்தனார் தேவி, நிலைப்படியிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"மதினி, வீட்டுல எலி கிலி செத்துக் கெடக்கா?"

வேலுத்தாய்க்குக் கை நின்றுபோனது.

"கிட்ட வந்து என்னைய மோந்து பாரு, தேவி."

தேவி குனிந்தாள். குனிந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, உள்ளே விட்டது அழுகி விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. கெஞ்ச அவளுக்கு நினைவும் இல்லை, கேட்க டாக்டரம்மாவுக்கு நேரமும் இல்லை. சாயங்காலத்துக்குள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மலையிலிருந்து இறங்கி வந்த யோகராஜ் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் காலைத் தடவிக்கொடுத்தான்.

"நீ பொழச்சு வந்ததே எனக்குப் போதும், புள்ள."

வேலுத்தாய் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒங்களுக்குப் போதும். எனக்குத்தான் போதலை."

அவன் தண்ணீர் பிடித்துவர வெளியே போனான்.